கத்திக்கு வைத்த பொட்டு

சென்ற மாதம் மகள் வீட்டுக்குப் போகும்போது விமான நிலையத்தில் என் மாங்காய்க் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார்கள். மூன்று அங்குலம்கூட இருக்காது. மரப்பிடி போட்டது. சீருடை அணிந்த பெண்பிள்ளை அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எதுக்கும்மா கத்தி?" என்று கேட்டாள். "மாங்காய் நறுக்க" என்றேன். சிரித்துக்கொண்டே ஒரு தொட்டியில் போட்டாள். சோதனையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு கடையில் கண்ணாடிப் பாட்டிலில் பழரசம் விற்கிறார்கள். அதை உடைத்துக் குத்தினால் என் கத்தியைவிட ஆழமாக இறங்கும். திரும்பி வந்து அந்தப் பிள்ளையிடம் இதைச் சொன்னேன். "ரூல்ஸ்ம்மா" என்றாள்.

அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. "எதுக்கு?" என்ற அந்தக் கேள்வியின் மேல்தான் கோபம். அந்தக் கேள்வி யாரிடம் கேட்கப்படுகிறது, யாரிடம் கேட்கப்படுவதே இல்லை என்று பார்த்துக்கொண்டே என் உத்தியோக காலம் முழுவதும் போயிற்று.

இப்போது கோர்ட்டுப் பணியில் இருக்கும் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். "இனிமையான பணி நினைவுகள்" என்று ஒரு கட்டுரை கேட்டார்கள். இனிமையாக என்னிடம் ஒன்றும் இல்லை. இருப்பதை எழுதுகிறேன். பிடித்தால் போடட்டும், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்பட்டும், தபால் தலை ஒட்டிய உறையும் கூடவே வைத்திருக்கிறேன்.

எழுபதுகளின் நடுவில் சங்கரன்கோவில் வட்டாரத்தில் ஒரு குற்றவியல் நீதிமன்றத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். நீதிமன்றத்தின் பெயரும் காவல் நிலையத்தின் பெயரும் வேண்டாம். எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் படித்து, தேர்வு எழுதி வாங்கிய வேலை. முதல் இரண்டு வருடம் தபால் பிரித்தேன், நகல் எடுத்தேன், திட்டு வாங்கினேன். பிறகு சொத்து அறையைக் கொடுத்தார்கள். வழக்குகளில் போலீசார் கைப்பற்றும் பொருட்கள் தீர்ப்பு வரும்வரை அந்த அறையில்தான் இருக்கும். சாராயக் கேன், ரத்தம் காய்ந்த சட்டை, உடைந்த சைக்கிள், எல்லாவற்றுக்கும் மேலே வௌவால். ஆண்கள் ஒருவரும் அந்த அறையை ஏற்க மாட்டோம் என்றதால் அது எனக்கு வந்தது. பெண்பிள்ளைக்கு இது வேண்டாமே என்று அன்றைக்கு மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

எங்கள் ஊர் அம்மன் பெயரே கோமதி, அதனால் அந்தப் பெயர் வைப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆபீசில் நாங்கள் மூன்று கோமதி. டைப்பிஸ்ட் கோமதி, நகல் பிரிவு கோமதி, நான் கத்தி கோமதி. ஏனென்றால் என் அலமாரியில் முக்கால்வாசி கத்தியும் அருவாளும்தான்.

நடைமுறையைச் சொல்லிவிடுகிறேன். போலீசார் பொருளோடு ஒரு படிவம் கொண்டுவருவார்கள். அதில் "மரப்பிடி போட்ட இரும்புக் கத்தி ஒன்று, வாய் நீளம் இத்தனை, அகலம் இத்தனை" என்று இருக்கும். நான் பொருளைப் படிவத்தோடு ஒப்பிட்டு, சீட்டுக் கட்டி, பதிவேட்டில் எழுதி, கடைசிக் கட்டத்தில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். விசாரணை அன்று அதை எடுத்துக்கொண்டு போய் மேஜை மேல் வைக்க வேண்டும். அங்கே அதற்கு எம்.ஓ. ஒன்று, எம்.ஓ. இரண்டு என்று பெயராகிவிடும். எம்.ஓ. என்றால் மெட்டீரியல் ஆப்ஜெக்ட், சான்றுப் பொருள்.

அளவு ஏன் முக்கியம் என்றால், ஆயுதச் சட்டத்து விதிகளில் ஒரு பட்டியல் உண்டு. ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதம். ஆனால் வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவை அதில் சேராது. நெல்லைச் சீமையில் எந்த வீட்டில் எந்தக் கத்தி வேலைக்கு இல்லாமல் இருக்கிறது? ஆக, சட்டப்படி பார்த்தால் இரண்டே கேள்வி. எவ்வளவு நீளம்? எதற்காகச் செய்தது? முதல் கேள்விக்கு ஸ்கேல் போதும். இரண்டாவது கேள்விக்கு, கேட்கிறவர் கேட்கப்படுகிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் பதிலை முடிவு செய்துகொள்வார்.

எங்கள் தலைமை எழுத்தர் ஆவுடையப்பன் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த மனிதர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. விஷயம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு மெதுவாகப் பேசுவார். எதையும் "ஒண்ணுமில்லம்மா" என்றுதான் ஆரம்பிப்பார். "ஒண்ணுமில்லம்மா" என்று அவர் சொன்னால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று அர்த்தம். காலையில் வந்ததும் மேஜையில் பழைய தாள் ஒன்றை விரித்து, மடக்குக் கத்தியால் நான்கு பென்சிலைச் சீவுவார். சீவல் ஒன்றுகூடத் தரையில் விழாது. தாளை நான்காக மடித்துக் குப்பையில் போட்டபிறகுதான் கோப்பைத் தொடுவார். கை அவ்வளவு சுத்தம். லஞ்சம் வாங்கியதில்லை, அதையும் சொல்ல வேண்டும். பயம் மட்டும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும்.

ஒருநாள் தேங்காய்த் திருட்டு வழக்கு ஒன்றில் சாட்சி சொல்ல ஒரு பெரிய பண்ணையார் வந்தார். கையில் வெள்ளிப் பூண் போட்ட கைத்தடி. எங்கள் டவாலி மாடசாமி அதை இரண்டு கையாலும் வாங்கினார். ஆவுடையப்பன் ஐயா என்னைக் கூப்பிட்டார்.

"ஒண்ணுமில்லம்மா. பெரியவரு சாட்சி சொல்லி முடிக்கிறவரைக்கும் இது ஒன் ரூம்ல இருக்கட்டும். பத்திரம்."

பத்திரமாகத்தான் கொண்டுபோனேன். தடி கனமாக இருந்தது. பூணைத் திருகிப் பார்த்தேன். உள்ளிருந்து வாள் வழுக்கிக்கொண்டு வந்தது. என் ஸ்கேலை இரண்டு தடவை நகர்த்தி வைத்து அளந்தேன். இருபத்தாறு அங்குலம்.

கையில் ஸ்கேல் இருந்ததால்தான் அடுத்ததும் நடந்தது. அதே அலமாரியில் சீட்டுக் கட்டிய ஒரு தொரட்டி அருவாள் கிடந்தது. ஆட்டுக்குக் குழை, அதாவது இலைதழை, வெட்ட நீளக் கம்பில் கட்டுகிற வளைந்த அருவாள். ராயகிரிப் பக்கத்து ஆட்டுக்காரர் சுடலைமுத்துவுடையது. முந்தின நாள்தான் அவருக்கு இரண்டு மாதம் ஜெயில் ஆகியிருந்தது. "ஆயுதம் வச்சிருந்தியா?" என்று கேட்டதற்கு அவர், "ஆமா சாமி, எங்கிட்டதான் இருந்துச்சு" என்றார். குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதி முடித்துவிட்டார்கள். இருந்ததை இருந்தது என்று சொன்னார், அவ்வளவுதான்.

படிவத்தில் நீளம் பதினொன்றேகால் என்று இருந்தது. நான் அளந்தால் ஏழரை வந்தது. மறுபடி அளந்தேன். பிறகுதான் புரிந்தது. வளைவின் முதுகில் நூல் பிடித்து, கம்பில் செருகுகிற கழுத்தையும் சேர்த்து அளந்திருக்கிறார்கள். வளைவோடு அளப்பதா நேராக அளப்பதா என்று விதியில் ஒன்றுமில்லை. நூல் யார் கையில் இருக்கிறதோ அவர் இஷ்டம். அந்தப் பதினொன்றேகாலுக்கு எதிரே பதிவேட்டில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தது நான். அதுவரை ஒரு பொருளைக்கூட நான் அளந்ததில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் அளந்ததில்லை. படிவத்தைப் பார்த்து எழுதுவதற்குத்தான் எங்கள் ஆபீசில் சரிபார்ப்பது என்று பெயர்.

ஐயாவிடம் ஓடினேன். முதலில் கைத்தடியைச் சொன்னேன்.

"அது கௌரவத்துக்கு வச்சிருக்காரும்மா."

"சட்டத்துல பேரு சொல்லியே எழுதியிருக்கே ஐயா, கைத்தடிக்குள்ள வைக்கித வாள்னு. லைசென்ஸ் இருக்கான்னு கேக்க வேண்டாமா?"

"அவருகிட்ட யாரு கேக்கது?"

தொரட்டியைச் சொன்னேன். பென்சிலைக் கீழே வைத்தார். "தீர்ப்பு ஆயாச்சும்மா" என்று, காதில் விழாத அளவுக்கு மெதுவாகச் சொன்னார். நானும் வந்துவிட்டேன். அப்பீல் போக சுடலைமுத்துவுக்கு ஆள் இல்லை. நான் யாரிடமாவது போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வேலை புதிது, பயந்தேன். இதை மறைத்து எழுத எனக்கு விருப்பமில்லை.

சுடலைமுத்துவின் மனைவி மறுநாளிலிருந்து கோர்ட்டு வளாகத்துக்கு வர ஆரம்பித்தாள். ஆட்டை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் ஆடுகளையும் ஓட்டிக்கொண்டு வந்தாள். அவை எங்கள் வேலிச் செடியை மொட்டையாக்கின. மாடசாமி கம்பை எடுத்துக்கொண்டு விரட்டினார். அவள் என் ஜன்னலில் வந்து நின்றாள்.

"அவுகள நீங்களே வச்சிக்கிடுங்கம்மா. தொரட்டியையாவது தாங்க. ஆட்டுக்குக் கொழ வெட்டணும்."

"உத்தரவு இல்ல" என்றேன். அடுத்த மாதம் அழிப்பு நாளில் கொல்லரை வரவழைத்து, தீர்ப்பான வழக்குகளின் கத்திகளைச் சம்மட்டியால் அடித்து முறித்தார்கள். அந்தத் தொரட்டியும் போயிற்று. நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அன்று சாயங்காலம் கடைவீதியில் இரண்டு ஸ்கேல் வாங்கினேன். அன்றிலிருந்து என் அறைக்குள் வந்த ஒவ்வொரு கத்தியையும் அளந்தேன். படிவத்து அளவை நீல மையிலும் என் அளவைப் பக்கத்தில் பென்சிலிலும் எழுதினேன். ஐயா அதைப் பார்த்தார். அழிக்கவும் சொல்லவில்லை, மையில் எழுதவும் சொல்லவில்லை.

இனி மைதீன் வழக்கு.

எண்பதுகளின் முதல் பாதி. மைதீன் கடையநல்லூர்க்காரர், பண்டாரி. அதாவது கல்யாண வீடுகளில் பிரியாணி ஆக்குகிறவர். நாற்பது வயது இருக்கும். சவுதியில் ஒரு முகாமின் சமையற்கட்டில் வேலைக்கு விசா வந்திருந்தது. ஆடி மாதத்தில் கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு ஆக்கிப் போட்டுவிட்டு, சங்கரன்கோவிலில் இறங்கி பஸ் மாறக் காத்திருந்தார். அது கோயிலில் ஆடித்தபசுத் திருவிழா வாரம். ஊர் முழுவதும் ஜனம். ஆயுதம் கொண்டுவரக் கூடாது என்று தடையுத்தரவு. வழக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நெருக்கடி போலீசாருக்கு. மைதீனின் சாக்குப் பையைப் பிரித்தார்கள். உள்ளே ஒரு சட்டுவம், ஒரு கரண்டி, ஈரத்துணியில் சுற்றிய ஒரு கறிக்கத்தி.

அதே பஸ் நிலையத்தில் அன்று இளநீர்க்காரர் முழ நீள அருவாளோடு நின்றுகொண்டுதான் இருந்தார். மைதீனைப் பிடித்த போலீசாருக்கு இளநீர் சீவிக் கொடுத்ததும் அவர்தான். அதை நான் பார்க்கவில்லை. மைதீன் பின்னால் சொன்னார். சொல்லிவிட்டு, "அவர ஏன் பிடிக்கலன்னு நான் கேக்கலம்மா, அவரும் பொழைக்கணும்லா" என்றார்.

கத்தி என் அறைக்கு வந்தது. படிவத்தில் "பட்டாக்கத்தி, பத்தரை அங்குலம்". நான் வாயின் தொடக்கத்திலிருந்து நுனிவரை அளந்தேன். எட்டேமுக்கால். பிடிக்கும் வாய்க்கும் நடுவிலுள்ள மொட்டைக் கழுத்தையும் சேர்த்துப் பத்தரை ஆக்கியிருந்தார்கள். பென்சிலில் எழுதி வைத்தேன். ஜாமீனில் வந்த மைதீனை வழக்கு தொங்குகிறவரை வெளிநாடு விட மாட்டார்கள். விசாவுக்கு ஒரு தவணை உண்டு. அது தை மாதத்தோடு முடிகிறது என்று அவர் வக்கீல் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

இதற்கு நடுவில் ஆயுத பூஜை வந்தது. எல்லா ஆபீசையும் போல எங்கள் ஆபீசிலும் டைப்ரைட்டருக்கு, சீலுக்கு, மை டப்பாவுக்கு, ஐயாவின் பென்சில் கத்திக்குப் பொட்டு வைத்தோம். அன்று காலை மாடசாமி என் அறை வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நின்றார்.

"யக்கா, இம்புட்டு ஆயுதத்த உள்ள பூட்டி வச்சிக்கிட்டு டைப்பு மிசினுக்குப் பொட்டு வச்சா சாமி சிரிக்காதா?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அருவாமனைக்கும் தேங்காய்த் துருவிக்கும் பொட்டு வைக்காமல் அந்த நாள் போகாது. இரும்பென்றால் வைக்க வேண்டியதுதான். துரு ஏறாமல் இருக்கக் கத்திகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். பிடிக்குப் பக்கத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம். இருபது கத்திக்கு மேல் இருக்கும். மறுநாள் துடைத்தேன். சரியாகத்தான் துடைத்தேன் என்று நினைத்தேன்.

மார்கழிக் கடைசியில் மைதீன் வழக்கு விசாரணைக்கு வந்தது. நடுவர் இளைஞர், ஊருக்குப் புதியவர், எதையும் கையில் எடுத்துப் பார்க்கிற வழக்கம் உள்ளவர். கைப்பற்றிய ஏட்டு சாட்சிக் கூண்டில் நின்றார். நான் உறையிலிருந்து கத்தியை எடுத்து மேஜையில் வைத்தேன். நடுவர் அதை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார்.

"இங்க என்ன செவப்பா இருக்கு?"

பிடி ஓரத்து இடுக்கில், காய்ந்து கறுத்த சிவப்பு. எண்ணெயும் சந்தனமும் குங்குமமும் மூன்று மாதம் ஊறினால் அந்த நிறம்தான் வரும். 

ஏட்டு யோசிக்கவே இல்லை. "ரத்தக்கறைங்கய்யா" என்றார்.

"பொருளைக் கைப்பத்தின மகஜர்ல எழுதலையே?"

"கைப்பத்தும்போதே இருந்துச்சுங்கய்யா. நான் என் கண்ணால பாத்தேன். எழுத விட்டுப்போச்சு."

அரசு வழக்கறிஞர் எழுந்தார். ரத்தக்கறை என்றால் யாரை வெட்டினது என்று தெரிய வேண்டும், கத்தியை மெட்ராசுக்குப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், அறிக்கை வரும்வரை வாய்தா வேண்டும் என்றார். மைதீன் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மெட்ராசிலிருந்து அறிக்கை வர ஆறு மாதமும் ஆகும், ஒரு வருடமும் ஆகும். விசா தை மாதத்தோடு சரி.

நான் ஆவுடையப்பன் ஐயாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பாமலே, உதட்டை மட்டும் அசைத்தார்.

"ஒண்ணுமில்லம்மா. மெட்ராசுக்குப் போனா தானா வெளுத்துரும். நீ வாயத் தொறக்காத. வேல போயிரும்."

அவர் என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தார். சாட்சியப் பொருளில் கைவைத்தவள் என்று ஆனால் சஸ்பெண்ட் நிச்சயம். வீட்டில் அப்போது என் சம்பளம்தான் ஓடிக்கொண்டிருந்தது, கைக்குழந்தை வேறு. இத்தனையும் ஒரே நேரத்தில் மனதில் ஓடியது. கூடவே அந்த ஆட்டுக்காரப் பெண்ணின் குரலும் வந்தது, தொரட்டியையாவது தாங்க என்று. ஒரு தடவை வாயை மூடிக்கொண்டு நின்றாகிவிட்டது. இன்னொரு தடவை முடியாது.

"ஐயா, அது ரத்தம் இல்ல. குங்குமம். நான்தான் வச்சேன்."

நடுவர் கத்தியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு ஏட்டை இறங்கச் சொல்லிவிட்டு என்னைச் சாட்சிக் கூண்டில் ஏறச் சொன்னார். ஏழெட்டு வருடமாக அந்தக் கூண்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். உள்ளே ஏறி நின்றால் மேஜை அவ்வளவு உயரத்தில் இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

"எதுக்கு வச்சீங்க?"

"ஆயுத பூஜைங்கய்யா. இரும்புச் சாமானுக்கெல்லாம் வச்சேன். இதுக்கு மட்டும் வைக்கல, ரூம்ல இருந்த அத்தன கத்திக்கும் வச்சேன்."

"மத்த கத்திகளைக் கொண்டு வாங்க."

மாடசாமி ஒரு கூடை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார். துடைத்தேன் என்று நான் நம்பியிருந்த கத்திகளில் ஐந்தாறில் அதே இடத்தில், பிடி ஓரத்து இடுக்கில், அதே சிவப்பு. நடுவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. ஏட்டின் பக்கம் திரும்பினார்.

"கைப்பத்தும்போதே இருந்துச்சுன்னீங்களே?"

"அப்பம் குங்குமந்தாங்கய்யா" என்றார் ஏட்டு.

கோர்ட்டு முழுவதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ரத்தம் என்றால் ரத்தம், குங்குமம் என்றால் குங்குமம், அவ்வளவு பழகிப்போயிருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் சுடலைமுத்து இரண்டு மாதம் உள்ளே இருந்தார். நடுவர் என்னை இறங்கச் சொன்னார். நான் இறங்கவில்லை.

"இன்னொண்ணும் சொல்லணும்ங்கய்யா. அந்தக் கத்தி பத்தர இல்ல. எட்டேமுக்கால். பதிவேட்டுல பென்சில்ல எழுதியிருக்கேன்."

நடுவர் பதிவேட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நீலத்தில் ஒரு எண், பக்கத்தில் பென்சிலில் ஒரு எண். எல்லாப் பக்கத்திலும் பென்சில் எண் சிறியதாகவே இருந்தது. என் ஸ்கேலை வாங்கி எல்லார் முன்னாலும் தானே அளந்தார். எட்டேமுக்காலேதான்.

அடுத்த வாரம் மைதீன் விடுதலை. எனக்கு சார்ஜ் மெமோ. சாட்சியப் பொருளின் நிலையை மாற்றிய குற்றத்துக்கு விளக்கம் கேட்டார்கள். "ஆம், பொட்டு வைத்தேன். ஆபீஸ் சீலுக்கும் வைத்தேன். அதற்கு ஏன் விளக்கம் கேட்கவில்லை?" என்று எழுதிக் கொடுத்தேன். ஐயா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், கடைசி வரியையாவது எடுத்துவிடும்மா என்றார். எடுக்கவில்லை. வேலை போகவில்லை, பணிப்பதிவேட்டில் "கண்டனம்" என்று ஏறியது. ஓய்வு பெறும் நாள்வரை அது அங்கே இருந்தது. பொய் சொன்ன ஏட்டுக்கு ஒரு கண்டனமும் இல்லை. பின்னாளில் நல்லபடியாகப் பதவி உயர்வு வாங்கிப் போனார்.

தீர்ப்பின் கடைசி வரியை நான் பிறகுதான் படித்தேன். "எம்.ஓ. ஒன்று, மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் அழிக்கப்பட வேண்டும்." எல்லாக் கத்தி வழக்குத் தீர்ப்பிலும் டைப்பிஸ்ட் தன்னால் அடித்துவிடுகிற வரி. ஆளைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டு, அவர் கத்திக்கு மட்டும் தண்டனை. நான் ஒரு குறிப்பு எழுதினேன். குற்றம் சாட்டப்பட்டவர் குற்றமற்றவர் என்றால் அவர் பொருள் எந்தக் குற்றத்துக்காக அழிக்கப்படுகிறது என்று தெளிவுபடுத்த வேண்டுகிறேன் என்று கேட்டு, ஐயா மேஜையில் வைத்தேன்.

"ஏம்மா, ஒனக்கு எதுக்கு இந்த வேல? இப்பதான் மெமோ வாங்கியிருக்க."

அவர் பென்சில் சீவிக்கொண்டிருந்தார். "ஐயா, ஒங்க கையில இருக்கது எத்தன அங்குலம்?" என்று கேட்டேன்.

கை நின்றது. முதல் தடவையாகச் சீவல் ஒன்று தரையில் விழுந்தது. கத்தியை மடக்கி மேஜையறையில் போட்டார். என் குறிப்பின் கீழே தன் சுருக்கொப்பத்தைப் போட்டு, தானே எடுத்துக்கொண்டு நடுவர் அறைக்குப் போனார். அரைமணி நேரத்தில் உத்தரவு வந்தது. "உரியவரிடம் திருப்பி ஒப்படைக்கவும்." அந்த மனிதர் மேல் எனக்கு இருந்த கோபத்தில் பாதி அன்று போயிற்று. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

விசாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது மைதீன் கத்தியை வாங்க வந்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஒரு உறுத்தல் இருந்தது. அவர் பொருளில், அவரைக் கேட்காமல், என் சாமிக்குப் பொட்டு வைத்தவள் நான்.

"அட ஏம்மா நீங்க! எங்க வாப்பா காலத்துக் கத்தி. இத்தன வருசமா வெட்டிப் போட்டுருக்கு, ஒருத்தரும் இதுக்கு ஒரு மரியாத செஞ்சது இல்ல. நீங்கதான் செஞ்சிய."

பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். கத்தியைத் துணியில் சுற்றினார். சாக்குப் பையில் வைத்தார். பிறகு போகாமல் நின்றார்.

"என்ன?" என்றேன்.

"இத எப்படிம்மா ஊருக்குக் கொண்டுபோக? அதே பஸ் ஸ்டாண்டுலதான ஏறணும்? அவுக அங்கனதான நிக்காக?"

விடுதலை ஆனவர். கத்தி எட்டேமுக்கால். கையில் கோர்ட்டு உத்தரவு. ஆனாலும் அவர் கேட்டதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. பையைத் திறந்து பார்க்கிறவர் முதலில் கத்தியைப் பார்ப்பார், பிறகு முகத்தைப் பார்ப்பார், உத்தரவைக் கடைசியில்தான் பார்ப்பார். அதற்குள் இன்னொரு ராத்திரி ஸ்டேஷனில் போய்விடும்.

"கொண்டாங்க" என்று கத்தியை வாங்கினேன். ஒருமணி நேரம் அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, என் காய்கறிப் பையில் கத்தியை வைத்துக்கொண்டு நடந்தேன். ஒளித்து வைக்கவில்லை. பிடி பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மைதீனைப் பத்தடி பின்னால் வரச் சொன்னேன்.

பஸ் நிலைய வாசலில் ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் நின்றார்கள். அதே ஏட்டு. மைதீனின் வெறும் சாக்குப் பையைப் போலீஸ்காரர் வாங்கி உள்ளே கைவிட்டுத் துழாவிவிட்டு அவரைப் போகச் சொன்னார். நான் நேராக ஏட்டின் முன்னால் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும் அவருக்குச் சங்கடமாகிவிட்டது.

"என்னக்கா, மார்க்கெட்டா?"

"இல்ல. கத்தி கொண்டு போறேன்."

பையை அவர் கண்ணுக்கு நேரே தூக்கிக் காட்டினேன். எதுக்கு என்று கேட்கட்டும் என்று காத்து நின்றேன். என் ஸ்கேல்கூடப் பையில் இருந்தது. அவர் பிடியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"நீங்க கொண்டு போங்கக்கா. ஒங்கள யாரு கேக்கப் போறா?"

கடையநல்லூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மைதீனிடம், அந்த ஏட்டு பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கத்தியை எடுத்துக் கொடுத்தேன்.